தீங்கு நினையாதார் செய்யும் தீங்கு

ஒருவருடைய செயலை அவருடைய எண்ணத்தைக் கொண்டு எடைபோடுவது நமக்குப் பழகிய வழக்கம். கை தவறிக் கலத்தை உடைத்தவனையும் வேண்டுமென்றே உடைத்தவனையும் நாம் ஒரே தட்டில் வைப்பதில்லை. இது நேரிய வழக்கமே. ஆயினும், இதன் நிழலில் ஒரு தவறான முடிவும் வளர்ந்துவிடுகிறது. தீய எண்ணம் இல்லாத இடத்தில் அநீதியும் இல்லையென்று நாம் அமைதி கொண்டுவிடுகிறோம். எவரும் எவருக்கும் கேடு நினையாத ஓரிடத்தில், ஒரு சாராருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் கேடு விளைந்து வருமானால், அதற்கு நாம் என்ன பெயரிடுவோம்? விதியென்போமா, விபத்தென்போமா, அநீதியென்போமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடம் மருத்துவமனை. பிறர்க்கு நன்மை செய்வதையே தொழிலாகக் கொண்டோர் கூடியிருக்கும் இடம் அது. அங்கும், உயிர்போகும் அவசரத்தோடு வருகின்ற மாரடைப்பு நோயாளிகளையே எடுத்துக்கொள்வோம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்களில் ஒன்று அடைபடுவதே பெரும்பாலும் மாரடைப்பாக வெளிப்படுகிறது. அடைபட்ட சிறிது நேரத்திலேயே தசை மடியத் தொடங்குகிறது. மருந்து கொடுத்து இரத்த உறைவைக் கரைத்தோ, நாளத்துள் சிறு பலூனைச் செலுத்தி விரித்து ஸ்டென்ட் பொருத்தியோ அடைப்பை விரைந்து நீக்கினால் எஞ்சிய தசை பிழைக்கும். தாமதிக்குந்தோறும் இழப்பு பெருகும். இச்சிகிச்சைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. ஆனால், முறையாகக் கணக்கெடுத்த நாடுகள் பலவற்றிலும், மாரடைப்போடு மருத்துவமனை சேரும் பெண்களுள் இறப்போர் விகிதம் ஆண்களுள் இறப்போர் விகிதத்தை விட மிகுதியாக இருந்து வந்திருக்கிறது. ஏன்?

இயற்கையின் பங்கு

முதலில் எழும் விடை, இது இயற்கை என்பதாகும். அவ்விடையை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. 52 நாடுகளில் நிகழ்ந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளைக் கொண்டு நோக்கின், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களுக்கு வருவதினும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிந்தியே வருகிறது. ஆகவே, நோய் வரும்போதே அவர்கள் முதுமையில் இருக்கின்றனர். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அவர்களிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன. சர்க்கரை நோய் பெண்ணின் இதயத்திற்கு ஆணின் இதயத்தினும் கூடுதலான கேட்டையே செய்கிறது. பெண்களின் இதய நாளங்கள் அளவில் சிறியவை. நாளத்தின் உட்சுவர் தானே கிழிந்து அடைப்பு உண்டாகும் ஒருவகை மாரடைப்புக்கு உள்ளாவோருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே. பெரிய அடைப்பு எதுவும் படத்தில் தென்படாமலே மாரடைப்பு நேர்வதும் பெண்களிடத்துக் கூடுதல்.

இவை யாவும் உண்மை. ஆனால், இவையே முழு உண்மையாகுமா? ஸ்வீடன் நாட்டின் இதயநோய்ப் பதிவேட்டில் 2003 முதல் 2013 வரை பதிவான 1,80,368 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அவ்வாய்வாளர் ஆணையும் பெண்ணையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடவில்லை. ஒவ்வொரு நோயாளியையும், அந்நாட்டில் அதே வயதுடைய, அதே பாலினத்தைச் சேர்ந்த பொதுமக்களோடு ஒப்பிட்டனர். முதுமையால் நேரும் சாவைக் கழித்துவிட்டு, மாரடைப்பால் கூடிய சாவை மட்டும் அளந்தனர். அப்போதும் பெண்களின் இழப்பே மிகுந்து நின்றது. விதிக்கப்பட்ட சிகிச்சைகளுள் பல அவர்களுக்குக் குறைவாகவே வழங்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. அச்சிகிச்சைகளில் இருந்த ஏற்றத்தாழ்வையும் கணக்கில் கொண்டபோது, இழப்பில் இருந்த வேறுபாடு சுருங்கிற்று.

ஆகவே, வேறுபாட்டில் ஒரு பகுதி இயற்கையினுடையது. மற்றொரு பகுதி மனிதர்களுடையது. இயற்கையின் பகுதியைக் காட்டி மனிதரின் பகுதியை மறைப்பது நேர்மையாகாது.

அளவுகோல் பிறந்த கதை

மனிதர்களுடைய அப்பகுதி எவ்வாறு உண்டாயிற்று? எந்த மருத்துவரும் பெண்ணின் சாவை விரும்பினார் என்று சொல்ல முடியாது. அப்படியானால், குறை எங்கே புகுந்தது?

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் வலியை ஒரு தனி நோயாக எடுத்துரைத்தார். அவ்விவரம் 1772இல் அச்சாயிற்று. பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பின்படி, இந்நோயுடன் அவர் கண்டவர் ஏறத்தாழ நூறு பேர். அவர்களுள் பெண்கள் மூவர். 12 வயதுச் சிறுவன் ஒருவன். ஏனையோர் அனைவரும் ஐம்பதை நெருங்கிய அல்லது ஐம்பதைக் கடந்த ஆடவர். ஹெபர்டன் தாம் கண்டதைக் கண்டவாறே எழுதினார். அதில் வஞ்சனை ஏதுமில்லை. ஆனால், அவர் தீட்டிய சித்திரமே பின்வந்தோர் மனத்தில் மாரடைப்பின் முகமாக நிலைத்தது.

1964இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், இதயநோய் குறித்துப் பெண்களுக்கென ஒரு மாநாடு கூட்டினார்கள். அதன் தலைப்பு ‘இதயங்களும் கணவர்களும்’ என்பது. கணவரின் இதயத்தை மனைவி எவ்வாறு பேணுவது என்பதைக் கற்பிக்கவே அம்மாநாடு கூடிற்று. மனைவிக்கும் ஓர் இதயம் உண்டு என்பது அங்கே பேசுபொருளாகவில்லை.

பிறகு ஆய்வுகள் பெருகின. மாரடைப்பைத் தடுக்கும் வழி தேடிய ஒரு பேராய்வு 1982இல் தன் முடிவை வெளியிட்டது. அதில் பங்குகொண்ட 12,866 பேரும் ஆடவரே. ஆஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று அறிய, அதே காலத்தில் நடந்த மற்றோர் ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்குகொண்டனர், அவர்களும் ஆடவரே. இதற்குக் காரணம் கூறலாம். நடுவயதில் மாரடைப்பு ஆண்களுக்கே மிகுதி. ஆதலால் விரைவில் விடை கிடைக்கும் என்று அவர்கள் கருதியிருக்கலாம். ஒவ்வோர் ஆய்வையும் தனியே எடுத்துப் பார்த்தால் அதன் போக்கு நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், பாதி மனிதகுலம் விடுபட்டுப் போயிருப்பது கண்ணில் படுகிறது.

இன்னும் ஒன்று. கருவுற்ற தாய்மார் உட்கொண்ட தாலிடோமைடு என்னும் மருந்தால் பல்லாயிரம் குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்த கொடுமையை உலகம் 1960களின் தொடக்கத்தில் கண்டது. அவ்வச்சம் நீங்காத நிலையில், 1977இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கருவுறும் நிலையிலுள்ள பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கச் சோதனைகளில் சேர்க்கலாகாதென வழிகாட்டிற்று. பெண்ணையும் பிறவாத சிசுவையும் காக்கவே அவ்விதி பிறந்தது. ஆனால், சோதனையிலிருந்து விலக்கப்பட்டவள் சிகிச்சையிலிருந்து விலகிவிடவில்லை. ஆணின் உடலில் அளந்த மருந்தையே அவளும் உண்டாள். காப்பதற்கென எழுப்பிய சுவர் அவளைப் பற்றிய அறிவையும் தடுத்து நிறுத்தியது. 1993இல் அவ்விதி கைவிடப்பட்டது. அரசுப் பணத்தில் நடைபெறும் ஆய்வுகளில் பெண்களையும் சேர்த்தாக வேண்டுமென்று அதே ஆண்டில் சட்டமும் பிறந்தது.

இவர்களுள் கேடு நினைத்தவர் யார்? ஒருவருமில்லை. எனினும், ஆண் ‘மனிதன்’ ஆனான். பெண் அம்மனிதனின் ஒரு விதிவிலக்கானாள். அநீதியைக் குறிக்கும் ‘ளுல்மு’ என்னும் அரபுச் சொல்லுக்கு, ஒன்றை அதற்குரிய இடத்தில் வைக்காமை என்று அறிஞர் பொருள் கூறுவர். இவ்விளக்கத்தில் வெறுப்பைப் பற்றியோ பகையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பது கருதத்தக்கது. பகைமையின்றியும் ஒன்றை இடம் பெயர்த்து வைக்கலாம். கவனமின்மையே அதற்குப் போதும்.

சொல் எடுபடாத துன்பம்

அளவுகோல் பழுதுபட்டால் அதன் விளைவு நோயாளியின் கட்டிலருகே வெளிப்படும். 2008 முதல் 2012 வரை அமெரிக்க மருத்துவமனைகள் 103இல், 55 வயதுக்குட்பட்ட மாரடைப்பு நோயாளிகள் 2,985 பேரிடம் விசாரித்தறிந்த செய்திகள் 2018இல் வெளியாயின. பெண்களுக்கு நெஞ்சுவலி வருவதில்லை என்று பலரும் சொல்லி வந்ததற்கு மாறாக, பெண்களில் 87 விழுக்காட்டினரும் ஆண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரும் நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்ததாகவே கூறினர். ஆனால், பெண்கள் அதனோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலும் கழுத்திலும் கைகளிலும் வலி முதலிய பிறவற்றையும் சேர்த்துச் சொன்னார்கள். மாரடைப்புக்கு முன்பே இத்தொல்லைகளுக்காக மருத்துவரை நாடியவர்களுள், இது இதயத்தைச் சார்ந்ததன்று என்று மருத்துவர் எண்ணியதாகக் கூறியோர் ஆண்களில் 37 விழுக்காடு; பெண்களில் 53 விழுக்காடு.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பெண் வாய்மூடி இருந்தாள் என்பதற்கில்லை. அவள் சொன்னாள், கூடுதலாகவே சொன்னாள். அவள் சொன்னதன் மிகுதியே அதன் மதிப்பைக் குறைத்துவிட்டது போலும்! ஒரே வலியை ஆண் சொன்னால் நோயின் அறிகுறியாகவும், பெண் சொன்னால் மனக்கவலையின் அறிகுறியாகவும் கேட்கும் செவி நம்மிடையே உண்டு.

மிராண்டா ஃபிரிக்கர் என்னும் தத்துவ அறிஞர் 2007இல் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய அநீதிக்குத் தனியே ஓரிடம் வகுத்தார். பொருளைப் பறிப்பது போலவே, சொல்லுக்குரிய நம்பிக்கையைப் பறிப்பதும் ஓர் அநீதி என்பது அவர் கருத்து. ஒருவர் தாம் அறிந்ததைச் சொல்லும்போது, அவர் இன்னார் என்பதாலேயே அச்சொல்லைக் குறைத்து மதிப்போமாயின், அறிவுடைய மனிதர் என்ற அவருடைய நிலையையே நாம் சிறுமைப்படுத்துகிறோம். நீதிமன்றத்தில் சாட்சியின் சொல் எடுபடாவிடில் வழக்கு தோற்கும். மாரடைப்பிலோ தன் உடலுக்குத் தானே சாட்சியாக நிற்பவளின் சொல் எடுபடாவிடில் உயிர் தோற்கும்.

இதில் பிறரை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. அதே ஆய்வில், தம் தொல்லைக்குக் காரணம் மனக்கவலையும் அலுப்புமே என்று தாமாகவே எண்ணிக்கொண்டோரும் ஆண்களினும் பெண்களிலேயே மிகுந்திருந்தனர். ஆனால், அவ்வெண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? மாரடைப்பு கணவர்களின் நோய் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்துவிட்டு, அதன் பெண்மக்கள் தம் வலியை அறியாதிருந்தார்களே என்று வியப்பது முறையன்று.

சமமா, வேறா?

இனி, இவ்வாராய்ச்சியில் கடினமான முடிச்சுக்கு வருவோம். நீதி என்பது அனைவரையும் ஒன்றுபோல் நடத்துவதா, அவரவர்க்கேற்ப வேறுபடுத்தி நடத்துவதா?

வேறுபடுத்தலே நீதி என்பதற்குச் சான்று உண்டு. ஆடவரான மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வில் முதல் மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்தது என்ற செய்தி 1989இல் வெளியாயிற்று. அதைப் பெண்களுக்கும் பொருந்துவதாகவே பலர் எடுத்துக்கொண்டனர். பின்னர், நோயற்ற 39,876 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. மொத்தத்தில் பெண்களுக்கு முதல் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதமே 17 விழுக்காடு குறைந்தது. 65 வயதைக் கடந்த பெண்களுக்கு மட்டும் மாரடைப்பிலும் பயன் காணப்பட்டது. இரண்டு ஆய்வுகளிலும் மருந்தின் அளவு ஒன்றன்று என்பது உண்மையே. எனினும், ஓர் உடலின் விடையை மற்றோர் உடலுக்கும் விடையாகக் கொண்டது தவறு என்பது தெளிவாயிற்று. (மாரடைப்பு நேர்ந்த வேளையில் ஆஸ்பிரின் இருபாலார்க்கும் பயன் தருவது. இங்கே பேசப்படுவது, நோயில்லாதோர் நோய் வராமலிருக்க நாள்தோறும் உண்பது குறித்தே.)

மற்றொரு சான்று. இதயத் தசை சிதையும்போது ட்ரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கசிகிறது. அதன் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் மாரடைப்பு நேர்ந்திருக்கக் கூடுமென மருத்துவர் அறிகின்றனர். ஆனால், நலமுடைய பெண்ணின் இரத்தத்தில் இப்புரதம் ஆணுக்கு உள்ளதிலும் குறைவு. ஒரே எல்லையை இருவர்க்கும் வைத்தால் பெண்ணின் சிதைவு எல்லைக்குள்ளேயே மறைந்துபோம். எடின்பரோ நகர ஆய்வாளர்கள் நுண்ணிய பரிசோதனை ஒன்றைக் கொண்டு, லிட்டருக்கு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 நானோகிராம் எனத் தனித்தனி எல்லை வகுத்தனர். 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மாரடைப்பென்று கண்டறியப்பட்ட பெண்கள் நூற்றுக்கு 11இலிருந்து 22 ஆயினர். ஆண்களோ 19இலிருந்து 21 ஆயினர். ஒரே கோலால் அளந்ததைச் சமத்துவம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம், பெண்களுள் பாதிப்பேரின் நோய் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

இனி மறுபுறம் நோக்குவோம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 2014இல், கடும் மாரடைப்புடன் வருவோர் அனைவர்க்கும் ஒரே ஒழுங்குமுறையை ஏற்படுத்தினர். இன்னின்னதைச் செய்தாயிற்றா என்று சரிபார்க்கும் பட்டியல் வகுத்தனர்; அவசரப் பிரிவின் மருத்துவரே சிகிச்சைக் குழுவை அழைக்கலாம் என்றனர்; நோயாளியை உடனே சிகிச்சைக் கூடத்திற்குக் கொண்டு செல்லுமாறும், முடிந்தவரை மணிக்கட்டு நாளத்தின் வழியே கருவியைச் செலுத்துமாறும் பணித்தனர். ஆணென்றும் பெண்ணென்றும் பாராத முறை இது. முப்பது நாட்களுக்குள் இறப்பதில் பெண்களுக்கிருந்த கூடுதல், முன்பு நூற்றுக்கு 6.1 ஆக இருந்தது. முறை மாறியபின் 3.2 ஆகக் குறைந்தது. இங்கே ஒன்றுபோல் நடத்தியதே நீதியைக் கொணர்ந்தது!

முரண்போல் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் முரணல்ல. உடல் வேறுபடுமிடத்தில் அளவுகோலும் வேறுபட வேண்டும். உரிமை ஒன்றாக உள்ள இடத்தில் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் தாங்கி நிற்கும் தூண், இவ்வுயிரும் அவ்வுயிரும் ஒரே மதிப்புடையவை என்னும் அடிப்படை. சமம் என்பது அம்மதிப்பில் உள்ளது. நடைமுறைகள் அதனை எய்தும் வழிகளே.

இதய மருத்துவர் பெர்னடின் ஹீலி அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு ஆய்வு நிறுவனங்களின் முதல் பெண் தலைவர். 1991இல் அவர் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதிய தலையங்கத்தில் இக்குறைக்கு ‘யென்டல்’ என்னும் பெயரை இட்டார். ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதை ஒன்றில் வரும் யூதப் பெண் அவள். வேதக் கல்வி பயில வேண்டி ஆண் வேடம் பூண்டவள். தானும் ஓர் ஆணைப் போன்ற நோயாளியே என்று மெய்ப்பித்த பின்னரே, ஆணுக்குரிய சிகிச்சை ஒரு பெண்ணுக்குக் கிட்டுகிறது என்பது ஹீலியின் கருத்து. பெண் பெண்ணாகவே வந்து கதவைத் தட்டினால் அது திறக்க வேண்டும் என்பதே நீதி.

அறிந்தும் அசையாமை

அறியாமையே காரணமாயின் அறிவு வந்ததும் குறை தீர்ந்திருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் நம்மை உறுத்தும் செய்தி ஒன்று இருக்கிறது. ட்ரோபோனின் தனி எல்லையை ஸ்காட்லாந்தின் 10 மருத்துவமனைகளில், 48,282 நோயாளிகளிடம் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். இம்முறையால் புதிதாகக் கண்டறியப்பட்டோருள் பெண்கள் ஆண்களைப்போல் ஐந்து மடங்கு இருந்தனர். ஆனால், 2019இல் வெளியான முடிவு கூறுவது யாது? ஆண்கள் பெற்ற சிகிச்சையில் ஏறத்தாழப் பாதியே பெண்கள் பெற்றனர். அவர்களுக்கு விளைந்த பயனும் உயரவில்லை. நோய் தாளில் எழுதப்பட்டிருந்தது; கை அசையவில்லை.

ஃபுளோரிடா மாநிலத்தில் 1991 முதல் 2010 வரை மாரடைப்புடன் அவசரப் பிரிவுக்கு வந்தோரைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பெண்களைவிடப் பெண் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பெண்கள் கூடுதலாகப் பிழைத்தனர் என்று அது காட்டிற்று. அதோடு நில்லாமல், பெண் மருத்துவர் பலருடன் சேர்ந்து பணிபுரிந்த ஆண் மருத்துவரிடமும், பெண் நோயாளிகளை மிகுதியாகக் கண்டு பழகிய ஆண் மருத்துவரிடமும் அக்குறை சுருங்கியது என்றும் தெரிவித்தது. ஆகவே இது ஆண்மையின் குற்றமன்று, பழக்கத்தின் குற்றம். பழக்கத்தால் வந்தது பழக்கத்தாலேயே நீங்கும். ஆனால், ஒரு மருத்துவர் பழகித் தேர்ச்சி பெறும்வரை அவரிடம் வந்த பெண்கள் கொடுத்த விலையை யார் ஈடுசெய்வது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அறியாத காலத்தில் செய்ததற்கு ஒருவரைக் கொடியவர் என்று தூற்றுவது முறையன்று. ஹெபர்டன் மீது நமக்கு வழக்கில்லை. ஆனால், பழி வேறு, பொறுப்பு வேறு. பழி கடந்த காலத்தைப் பார்த்து நீ என்ன நினைத்தாய் என்று கேட்கும். பொறுப்பு எதிர்காலத்தைப் பார்த்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். கேடு விளைவது தெரிந்த பின்னும், நாம் கேடு நினைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டு முன்போலவே நடப்பவர், தம் தூய எண்ணத்தையே திரையாக்கிக்கொள்கிறார். அக்கணம் முதல் அது அறியாமையாக இராது. நல்லெண்ணம் என்பது தீமை நினையாதிருப்பதோடு முடிவதில்லை. தன் செயல் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் கவனமும் அதன் பகுதியே.

இக்கவனம் மருத்துவர்க்கு மட்டும் உரிய கடமையன்று. மருத்துவமனைக்கு முன்னர் அமைந்திருப்பது வீடு. வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் நொடியில் வண்டி வந்து நிற்கிறது. உம்மா மூச்சு வாங்குகிறது என்றாலோ, தாடையும் தோளும் வலிக்கின்றன என்றாலோ, ‘வாயுவாக இருக்கும், சற்றுப் படுத்தால் சரியாகும்’ என்கிறோம். அவரும் அப்படியே சொல்லி அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறார். அந்த வீட்டில் அவர்மீது அன்பில்லாதவர் எவருமில்லை. அன்பு அங்கே நிறைந்தே இருக்கிறது. அவர் சொல்லைச் சாட்சியாக ஏற்கும் செவிதான் வேண்டும். வழக்கத்திற்கு மாறான சோர்வும் வியர்வையும் மூச்சுத்திணறலும் நெஞ்சழுத்தமும் ஒரு பெண்ணைப் பற்றும்போது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், அங்கே அவர் சொல்வதை முழுமையாகக் கேட்குமாறு வேண்டுவதும் அவருக்குச் செய்யும் சலுகையல்ல. அவருக்குரிய இடத்தில் அவரை வைப்பதே ஆகும்.